அங்கன்வாடி டீச்சர் பிள்ளைகளைக் கவனித்து எழுதி வைக்க வேண்டுமா?

குடியாத்தம் டீச்சர்:
வகுப்பில் கண்டதை நாலு வரி எழுதி வைத்து, டீச்சர்களின் மாதக் கூட்டத்தில் படித்துக்காட்டலாம் என்று எங்கள் வேலூர் பக்கம் ஒரு யோசனை ஓடுகிறது. எனக்கு முழுச் சம்மதம். குடியாத்தத்தில் ஒரே பாயில் தமிழ், தெலுங்கு, உருது பேசும் பிள்ளைகள் உட்காருகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை வாய் திறக்காவிட்டால் உடனே "மந்தம்" என்கிறோம். அது யாரிடம் பேசுகிறது, எந்த விளையாட்டில் சிரிக்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மொழி புரியவில்லையா, கூச்சமா, காதில் கோளாறா என்று கேட்கவாவது தோன்றும்.

அணைக்கட்டு பணியாளர்:
கோபித்துக்கொள்ளாதீங்க டீச்சர். எடை, உயரம், சத்துமாவு, வீடு வீடாகப் போய்ப் பார்த்தது எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் என்கிற அரசு செயலியில் ஏற்றுகிறோம். இப்போது சத்துமாவு வாங்குகிறவர்களின் முகப்பதிவு வேறு. ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் சிக்னல் தேடி அலைகிறவளிடம் இன்னொரு நோட்டா? உதவியாளர் இல்லாத மையத்தில் சமையலும் நம் தலையில்தான். இன்று விருப்பம் என்பார்கள், நாளை "நோட்டைக் காட்டு" என்பார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே வாசகத்தைத் தேதி மாற்றி எழுதுவோம்.

காட்பாடி நர்சரி:
தேதி மாற்றி எழுதுவது தணிக்கை செய்கிற முறையின் கோளாறு அக்கா, எழுதுவதன் கோளாறு அல்ல. 1939-ல் இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையார் சென்னை வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறைக்கே அடிப்படை பிள்ளையைக் கவனிப்பதுதான். மனத்தில் வைத்துக்கொண்டால் போதாதா என்றால், போதாது. சாயங்காலம் யோசித்தால் அடம்பிடித்தவனும் அழுதவளும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். மூலையில் அமைதியாக இருந்த பிள்ளை விட்டுப்போகும்.

பேரணாம்பட்டு அம்மா:
என் மகள் அங்கன்வாடிக்குப் போகிறாள். அவள் பாயை நனைத்ததைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் படித்தால், சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட எவ்வளவு நேரம் ஆகும்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமே 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. தாராளமாக எழுதுங்கள். பெயரும் படமும் வேண்டாம்.

குடியாத்தம் டீச்சர்:
சரிம்மா, பெயர் வேண்டாம். ஆனால் படித்துக்காட்டுவதை விட முடியாது. "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" பாடத்திட்டம் எல்லா மையத்துக்கும் ஒன்றுதான். காய்கறி பற்றிப் பேசும்போது அணைக்கட்டுப் பக்கத்துப் பிள்ளை இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைத் தொட்டுப் பார்த்துப் பேசும். படத்தைக் காட்டினால் அந்தப் பேச்சு வருமா? ஒரு டீச்சர் செய்து பார்த்ததை எழுதினால்தானே பக்கத்து டீச்சர் தன் ஊர்க் காயை வைத்துச் செய்வார்? பயிற்சி முகாமில் இதை யார் சொல்லித் தருகிறார்கள்?

காட்பாடி நர்சரி:
தினமும் எழுத வேண்டாம். நாளைக்கு ஒரு பிள்ளை, இரண்டே வரி போதும். என்ன செய்தது, என்ன சொன்னது என்று மட்டும் எழுதினால் சரி. "சுட்டி", "சோம்பேறி" என்று முத்திரை குத்தக் கூடாது.

அணைக்கட்டு பணியாளர்:
"தினமும் வேண்டாம், நாளைக்கு ஒன்று" என்றால் தினமும்தானே? வாரத்துக்கு ஒரு பிள்ளை என்று வையுங்கள். அங்கன்வாடித் திட்டம் தொடங்கிய 1975-லிருந்தே ஊட்டச்சத்தும் தடுப்பூசிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருவதும் முன்பருவக் கல்வியும் நம் ஒருத்தி கையில்தான். அதில் கல்விதான் எப்போதும் கடைசியில் நிற்கிறது. அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது. அதனால் கேட்கிறேன்: வேலை நேரத்திலேயே அரைமணி ஒதுக்கட்டும், பழைய பதிவேடு ஒன்றைக் குறைக்கட்டும், நோட்டில் மேலதிகாரி கையெழுத்து கிடையாது என்று எழுதித் தரட்டும். அதுவரை நான் எழுத மாட்டேன்.