அடங்காமல் பொருள் வாங்குவது எப்போது நோயானது?

வைகைவாசி:
பெரியோர்களுக்கு வணக்கம். என் அத்தையின் பீரோவில் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத சுங்குடிச் சேலைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுக்காக வளையலை அடகு வைத்ததை மாமாவிடம் அவர் மறைத்தும் வந்திருக்கிறார். மதுரையில் நாங்கள் பார்த்த மனநல மருத்துவர் இதை ஒரு நோய் என்றே விளக்கினார். வீட்டிலோ, ஆன்லைன் வியாபாரம் பெருகிய பிறகு முளைத்த புதுக்கதை என்கிறார்கள். இதன் வரலாறு அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏடுபார்ப்பவன்:
புதுக்கதை அன்று. ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘ஓனியோமேனியா’ என்ற பெயரில் இதை விவரித்துவிட்டார். சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர், தீவைக்கும் வெறியும் திருடும் வெறியும் இடம்பெற்ற வரிசையிலேயே இதையும் தம் பாடநூலில் சேர்த்து, இத்தகையோர் கடன் கழுத்தை நெரிக்கும்வரை வாங்கிக்கொண்டே போவார்கள், அப்போதும் முழுக் கடனையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதினார். (உங்கள் அத்தையின் வளையல் நினைவுக்கு வருகிறது.) பிறகு பல பத்தாண்டுகள் இதைச் சீண்டுவாரில்லை. 1980களின் இறுதியில் நுகர்வோர் ஆய்வாளர்கள் மீண்டும் கையிலெடுத்தார்கள். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சூசன் மெக்கெல்ராயும் உடனிருந்தோரும் நோயறிவதற்கான வரையறைகளை முன்வைத்தனர்.

தெற்குமாசிக்காரர்:
ஜவுளிக்கடையில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம். 2006இல் வெளியான அமெரிக்கத் தொலைபேசி ஆய்வு ஒன்று, பெரியவர்களில் 5.8 விழுக்காட்டினருக்கு இது இருக்கலாம் என்றது. அப்படியானால் தீபாவளிக்கு விளக்குத்தூணில் முண்டியடிக்கும் கூட்டத்தில் எத்தனை பேரை நோயாளி என்பது? மருந்து விற்கக் கண்டுபிடித்த நோயாகவே எனக்குப் படுகிறது.

ஏடுபார்ப்பவன்:
ஐயா, அந்த ஆய்வு கேள்வித்தாளை வைத்துச் செய்யப்பட்டது; மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்ன கணக்கு அன்று. பண்டிகைக்கு வாங்குவதை எந்த வரையறையும் நோய் என்பதில்லை. அடக்க முடியாத உந்துதலும், அதனால் விளையும் மனவேதனையோ கடனோ குடும்பச் சிக்கலோதான் அளவுகோல். மருந்து பற்றிய உங்கள் ஐயத்தில் நியாயம் உண்டு: மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளுவாக்சமின் மாத்திரையை மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளில் அது மேம்பட்டதாகத் தெரியவில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு ஓரளவு நல்ல பலன் கிடைத்திருக்கிறது. இது போதைக்கு நிகரானதா, உந்துதல் கோளாறா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அமெரிக்க மனநலச் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு சூதாட்டத்தைப் போதைப் பிரிவுக்கு மாற்றியது, ஆனால் இதைத் தனி நோயாக ஏற்கவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலோ, உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் ‘பிற’ வகையில் இதற்கு இடம் தந்திருக்கிறது.

வைகைவாசி அவர்களே, மெக்கெல்ராயின் வரையறையில் உங்களுக்குப் பயன்படும் விதி ஒன்று உண்டு: மித மிஞ்சிய உற்சாகமும் உறக்கமின்மையும் சேர்ந்த ‘மேனியா’ காலத்தில் மட்டும் இப்படி வாங்கினால் அது இந்த நோய் ஆகாது, அதற்குச் சிகிச்சையும் வேறு. அத்தைக்கு அப்படிப்பட்ட நாட்கள் வந்ததுண்டா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.