அன்றாட மிதிவண்டிப் பயணத்துக்கு நாமே ஷார்ட்ஸ் தைப்பது: வெட்டும் முறையில் ஓர் ஐயம்

இருசக்கரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலைக்குப் போகவும் வரவும் நாளொன்றுக்கு 16 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டுகிறேன். பந்தயக்காரர்கள் அணியும் உடலோடு ஒட்டிய ஷார்ட்ஸில் அலுவலகத்துக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை. சாதாரண ஷார்ட்ஸ் அணிந்தாலோ நான்கைந்து மாதங்களுக்குள் தொடைச்சந்தில் துணி நைந்து கிழிந்துவிடுகிறது. ஆகவே, பார்ப்பதற்குச் சாதாரணமாகவும் ஓட்டும்போது உறுத்தாமலும் இருக்கும்படி ஒன்றை நானே வடிவமைத்துத் தைக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிறது. நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் அடிப்பேன், துணி ஓரம் பிசிராமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் கிடையாது.

முதல் முயற்சியாக, எனக்கு நன்கு பொருந்தும் பழைய ஷார்ட்ஸ் ஒன்றைத் தையல் பிரித்து, துண்டுகளைக் காகிதத்தில் படியெடுத்து, பருத்தி ட்வில் துணியில் வெட்டித் தைத்தேன். கண்ணாடி முன் நின்றபோது ஒரு குறையும் தெரியவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்க இடுப்புப் பட்டி இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. முன்பக்கம் வயிற்றுக்கடியில் துணி சுருண்டு குவிந்தது. பெடலோடு கால் மேலே வரும் ஒவ்வொரு முறையும் தொடைமேல் துணி இறுகி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது.

இழுபடும் துணிக்கு மாறினாலே இவை தீர்ந்துவிடுமா, அல்லது வெட்டும் முறையையே மாற்ற வேண்டுமா? உள்ளே மெத்தை வைப்பது இந்தத் தூரத்துக்குத் தேவையா? பாக்கெட்டுகளை எங்கே அமைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் அடுத்த துணியை வீணாக்காமல் இருப்பேன்.

ஊசிநூல்

இருசக்கரன் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றே. கடையில் விற்கும் ஷார்ட்ஸ் நிற்கிற உடம்புக்காக வெட்டப்பட்டது. அதையே நீங்கள் படியெடுத்து, குனிந்து உட்கார்ந்த உடம்புக்குப் போட்டிருக்கிறீர்கள். இடுப்பு மடங்கும்போது உடலின் பின்புற நீளம் கூடுகிறது, முன்புற நீளம் குறைகிறது. கூடுகிற நீளத்துக்குத் துணி இல்லாததால் பட்டி கீழே இறங்குகிறது. குறைகிற இடத்தில் மிஞ்சிய துணி குவிகிறது. இழுபடும் துணி இந்தக் குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது, எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கும் துணி சீக்கிரம் தளர்ந்தும் போகும்.

ஆகையால் முதலில் அளவை வண்டியின்மேல் எடுங்கள். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு, பின்னடுவில் தொடங்கி, கால்களுக்கிடையே கொண்டுவந்து, முன்னடுவில் முடியும்படி அளவு நாடாவை ஓட்டி, நின்றபடி ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். தொடைச்சந்தின் நடுப்புள்ளிக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பிரித்துக் குறிக்க வேண்டும். பிறகு வண்டியைச் சுவரோரம் சாய்த்து நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்த நிலையில் இன்னொருவரை அதே அளவை எடுக்கச் சொல்லுங்கள். என் உடம்புக்குப் பின்னளவு 4 சென்டிமீட்டர் கூடியது, முன்னளவு ஒன்றரை குறைந்தது. நீங்கள் நிமிர்ந்து ஓட்டுபவரானால் வேறுபாடு இதைவிடக் குறைவாகவும், நன்றாகக் குனிந்து ஓட்டுபவரானால் கூடுதலாகவும் இருக்கும்.

இந்த வேறுபாட்டைப் பட்டிக்கு மேலே ஒட்டுத்துண்டாகச் சேர்த்துவிடக் கூடாது. நான் ஆரம்பத்தில் அப்படிச் செய்து, நிற்கும்போது முதுகில் கிண்ணம் கவிழ்த்தாற்போல் துணி துருத்திக்கொண்டு நின்றது. பின்பாகத்தின் காகிதத்தைச் சீட் அளவு, அதாவது புட்டத்தின் மிகப் பருத்த இடத்துச் சுற்றளவு, எடுக்கும் உயரத்தில் குறுக்கே கத்தரியுங்கள், ஆனால் பக்கத் தையல் வரும் ஓரத்தில் நூலளவு விட்டுவிடுங்கள். அந்த ஓரம் கீல்போல் நிற்க, நடுத்தையல் பக்கத்தை மட்டும் வேண்டிய அளவு விரித்து, இடைவெளியில் வேறு காகிதம் ஒட்டிக் கோட்டைச் சீராக வரைந்தால், நீளம் தேவையான இடத்தில் மட்டும் கூடும், பக்கத் தையலின் அளவு மாறாது. முன்பாகத்தில் இதையே தலைகீழாக, நடுப்பக்கம் ஆப்பு வடிவில் மடித்துக் குறைக்க வேண்டும்.

அடுத்தது தொடைச்சந்து. சாதாரண ஷார்ட்ஸில் நான்கு தையல்கள் ஒரு புள்ளியில் கூடுகின்றன, அந்தப் புள்ளி நேராக இருக்கையின்மேல் விழுகிறது. விரலால் அழுத்திப் பாருங்கள், பட்டாணி அளவுக்குத் திரண்டிருக்கும். அதன்மேல் உட்கார்ந்து அரைமணி நேரம் பெடல் மிதித்தால் தோலும் நோகும், துணியும் தேயும். அந்தப் புள்ளியையே நீக்கிவிட்டு, சாய்சதுர வடிவில் ஒரு துண்டைச் சேருங்கள். கஸெட் என்று சொல்வது இதைத்தான். அதன் நீண்ட முனைகள் இரு கால்களின் உள்தையல் வழியாகவும், குட்டை முனைகள் முன்னும் பின்னுமாகவும் போக வேண்டும். என்னுடையது 22 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம், இரண்டு அடுக்குத் துணி. காலை அகட்டவும் தூக்கவும் இடம் கிடைக்கும், தையல்களும் உடல் பாரம் விழும் இடத்தைவிட்டு விலகிப் போகும். மூலையைத் தைக்கும்போது தையல் விளிம்புக்குரிய புள்ளியில் சரியாக நின்று, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டு, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். ஒரு தையல் தாண்டினாலும் மூலை சுருங்கும், பிறகு எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் சரியாகாது.

ஓவர்லாக் இல்லையென்று வருந்த வேண்டாம். ஜீன்ஸ் காலில் பார்த்திருப்பீர்களே, இரண்டு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இரட்டை வரியாக ஓடும் தையல், அதைப் போட்டால் பிசிர் உள்ளே மறைந்து தட்டையாகப் படியும்.

நெசவுப்பித்தன்

வெட்டு பற்றி ஊசிநூல் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. துணி பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பருத்தி ட்வில் நடந்து திரிவதற்கு அருமையான துணி. ஆனால் பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். இயல்பான காற்று ஈரப்பதத்திலேயே தன் எடையில் சுமார் 8 விழுக்காடு அளவுக்கு நீரை வைத்திருக்கும்; நைலான் ஏறத்தாழ 4 விழுக்காடும் பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவுமே வைத்திருக்கின்றன. வியர்வையில் நனைந்த பருத்தி உப்பித் தோலோடு ஒட்டிக்கொள்ள, உராய்வு கூடிவிடுகிறது, உலரவும் நேரமாகிறது. நைலானுக்குத் தேய்மானம் தாங்கும் வலிமை மிகுதி. எனவே ரப்பர்போல் இழுபட்டுத் திரும்பும் எலாஸ்டேன் இழை சிறிது கலந்த, நெய்த நைலான் துணியை, சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிராம் எடையுள்ளதாகப் பாருங்கள். பருத்தியின் தோற்றமே வேண்டும் என்றால், உடல் பகுதியைப் பருத்தியிலும் கஸெட்டை மட்டும் அதே நிற நைலானிலும் வெட்டலாம். தேய்வது அந்த இடம்தான், வெளியே தெரிவதும் இல்லை.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். துணியில் 10 சென்டிமீட்டருக்கு இரண்டு புள்ளி வைத்து, 12 சென்டிமீட்டர் வரை இழுத்து, ஒரு நிமிடம் பிடித்திருந்து விடுங்கள். பழைய அளவுக்கே திரும்பினால் நல்ல துணி. பத்தரையில் நின்றுவிட்டால் ஒரே வாரத்தில் பின்புறம் பைபோல் தொங்கும். இழுத்த நிலையிலேயே வெளிச்சத்துக்கு நேராகவும் பிடித்துப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் நின்றால் கனமாகத் தெரியும் துணி குனிந்தால் உள்ளே உள்ளதையெல்லாம் காட்டிவிடும். நிறத்தில் வெளிர்ச் சாம்பலை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். வியர்வை ஈரம் அதில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியாது, அலுவலகத்தில் நாற்காலியைவிட்டு எழவே தயங்க வேண்டிவரும்.

நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். நடுத்தையலை மிகக் குறுகிய ஜிக்ஜாக்கில் ஓட்டினால் துணி இழுபடும்போது நூல் அறாது. துவைக்கும்போது துணி மென்மையாக்கியும் குளோரின் வெளுப்பானும் வேண்டாம், முன்னது ஈரம் கடத்தும் தன்மையைக் கெடுக்கும், பின்னது எலாஸ்டேனையே தின்றுவிடும்.

நிமிர்ந்தநடை

மெத்தை பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. என் கருத்து, வேண்டவே வேண்டாம்.

நகரத்தில் ஓரளவு நிமிர்ந்து ஓட்டும்போது உடல் பாரம் பெரும்பாலும் இடுப்பின் அடியிலுள்ள இரண்டு உட்காரும் எலும்புகளில் இறங்குகிறது. அவற்றுக்கு இருக்கையின் அகலம் பொருந்திவிட்டால், அரைமணிப் பயணத்துக்குத் துணிக்குள் மெத்தை தேவையில்லை. நெளிவுகள் உள்ள அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் கெட்டியான முக்காலியில் வைத்து, அதன்மேல் சற்றுக் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் பதிந்திருக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கிடையே உள்ள தூரத்தைவிட இருக்கை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் சரி. மெத்தை வைத்த ஷார்ட்ஸை உள்ளாடையின்றி அணிய வேண்டும், ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். அதை அணிந்துகொண்டு, வியர்வை ஊறிய நுரைமேல் மாலைவரை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் சொறியும் கொப்புளமும்தான் மிஞ்சும். அந்த மெத்தைக்கு ஷாமி என்ற பெயர் வந்ததற்குக் காரணம், கம்பளி ஷார்ட்ஸ் அணிந்து ஓட்டிய காலத்தில் ஷாமுவா என்னும் மலையாட்டினத்தின் தோலை அங்கே வைத்துத் தைத்ததுதான். நாள் முழுவதும் வண்டியைவிட்டு இறங்காதவர்களுக்கு ஏற்பட்ட தீர்வு அது. நீண்ட பயணம் போகும் நாளில் தனியாக ஓர் உள்ஷார்ட்ஸ் அணிந்துகொள்ளலாம்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். கிழிந்த பழைய ஷார்ட்ஸ் இன்னும் இருக்கிறதா? கிழிசல் நடுத்தையலிலா, ஒரு பக்கத்திலா? இரண்டும் ஒன்றல்ல.

வெயில்வழி

நான் பெண்களின் பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். முன்னோக்கிக் குனியும்போது எங்களுக்கு உறுத்துவது பின்னால் இருக்கும் தையல் அன்று, முன்னடுத் தையலின் கீழ்ப்பகுதி. ஊசிநூல் சொன்ன சாய்சதுரத்தைச் சமமாக வெட்டாமல், முன்முனையை மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக நீட்டி வெட்டியதும் எனக்கு அந்த உறுத்தல் நின்றது. இடுப்புக்கும் சீட் அளவுக்கும் வேறுபாடு அதிகமுள்ளவர்கள் பட்டியின் பின்பாதிக்கு மட்டும் எலாஸ்டிக் கோத்து, முன்பாதியைத் தட்டையாக விடுவது நல்லது. பெல்ட் கொக்கி, உலோகப் பொத்தான் இரண்டும் குனியும்போது வயிற்றில் குத்தும், உள்நாடா போதும்.

பாக்கெட்டைப் பற்றி: முன்பக்கச் சாய்வுப் பாக்கெட்டில் கைப்பேசியை வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் அது இடுப்பு மடிப்பில் இடிக்கும், பின்பாக்கெட்டின் அடித்தையல் சரியாக உட்காரும் எலும்புக்குக் கீழே வந்து சேரும். இரண்டையும் விட்டுவிட்டு, தொடையின் வெளிப்புறத்தில், பக்கத் தையலுக்குச் சற்றுப் பின்தள்ளி, ஜிப் வைத்த பாக்கெட் ஒன்று வையுங்கள். உள்பையின் ஓரத்தைப் பக்கத் தையலோடு சேர்த்துப் பிடித்துத் தைத்துவிட்டால் கைப்பேசி ஊசலாடாது. கால் விளிம்பின் உட்புறத்தில் ஒளி திருப்பும் பட்டை ஒன்றைத் தைத்து, இருட்டியதும் மடித்துவிட்டுக்கொள்ளலாம். ஏறி இறங்கும் காலில் மின்னும் பட்டையைப் பார்த்ததும் வருவது மனிதர்தான் என்று வண்டி ஓட்டுபவர்களுக்குச் சட்டென்று புலப்படும்.

இருசக்கரன்

அனைவருக்கும் மிக்க நன்றி. நிமிர்ந்தநடை கேட்ட பிறகுதான் பழைய ஷார்ட்ஸ் மூன்றையும் எடுத்து வரிசையாக விரித்துப் பார்த்தேன். மூன்றிலும் நடுத்தையலை ஒட்டிப் பளபளவென்று தேய்ந்திருக்கிறது, ஆனால் ஓட்டை விழுந்திருப்பது மூன்றிலும் இடது தொடையின் உட்புறத்தில், ஏறக்குறைய ஒரே இடத்தில்தான். இருக்கையின் இடது விளிம்பைத் தடவிப் பார்த்தேன். உறையை அடித்தளத்தோடு பொருத்தும் பிளாஸ்டிக் ஓரம் நகக்கண் அளவுக்கு எழும்பிக்கொண்டு, அரம்போல் சொரசொரவென்று இருக்கிறது. இத்தனை நாளும் துணியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தநடை

உப்புத்தாளால் அந்த ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிட்டு, பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு அதன்மேல் அழுத்தி ஓட்டிப் பாருங்கள். காலுறையில் நூல் மாட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

இருசக்கரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். உப்புத்தாள் போட்டாயிற்று, காலுறை இப்போது மாட்டாமல் வழுக்குகிறது. வண்டியில் அமர்ந்து அளந்ததில் என் பின்னளவு மூன்றரை சென்டிமீட்டர் கூடியது, முன்னளவு ஒன்று மட்டுமே குறைந்தது. அதன்படி காகிதத்தை மாற்றி, கஸெட் சேர்த்து, கரும்பச்சை நைலானில் இரண்டாவதைத் தைத்து ஆறு நாள் ஓட்டிவிட்டேன். பட்டி இறங்கவில்லை, முன்பக்கம் குவியவில்லை. கால்விளிம்பைப் பெடலின் உச்சியில் முழங்காலை வைத்து அளந்ததால் தொடையும் இறுகவில்லை. கஸெட்டின் பின்மூலை ஒன்று மட்டும், எச்சரித்திருந்தும், ஒரு தையல் தாண்டிச் சுருங்கிவிட்டது. மற்ற மூன்றும் சரியாக வந்தன.

மூன்றாவதற்குத் துணியை வெட்டி, துவைத்துக் காயப்போட்ட ஒரு துண்டில் ஊசியையும் சோதித்துவிட்டேன். அதன் நடுத்தையலை இப்போதைக்குப் பிரிக்க வசதியாக நீளத் தையலில்தான் ஓட்டியிருக்கிறேன், மழையில் ஒருநாள் ஓட்டிப் பார்த்த பிறகே மேல்தையல் போடுவேன்.