சென்னைக் கல்லூரியை விட்டுவிட்டு ஊட்டி அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. சேரலாமா?

கன்னேரிமுக்கு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் கன்னேரிமுக்கை அடுத்த ஓர் அட்டி, அதாவது மலைச் சிற்றூர், எங்கள் ஊர். இந்த ஆண்டு கோயம்புத்தூரில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தேன். இப்போது இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, சென்னையில் நூறு ஆண்டுகளைக் கடந்த, பெயரைக் கேட்டாலே எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிற ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல், சுயநிதிப் பிரிவு. மற்றது, ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியல். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சென்னையில் பணம் கட்ட வேண்டும்.

சென்னையில் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ஆகும். எங்களுக்கு இருப்பது ஒன்றேகால் ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலை விலை கிலோ இருபது ரூபாய்க்குக் கீழே இறங்கும் மாதங்களில் உரம் வாங்கவே அம்மா யோசிப்பார். ஆனாலும் பணம் மட்டும்தான் சிக்கல் என்றால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டேன். பெங்களூரில் இருக்கும் மாமா பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறார், மீதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும். "அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்காதா என்று எத்தனை பேர் ஏங்குகிறார்கள், நீ கிடைத்ததை விட்டுவிட்டு ஊட்டி பஸ்ஸில் ஏறுவாயா?" என்று கேட்கிறார். அவர் எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவர். அவர் பேச்சை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

எனக்கு ஏன் ஊட்டி மேல் மனம் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் காலை அம்மா தேயிலை பறித்துக்கொண்டிருந்தார். செடிகளுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் ஒரு காட்டெருமை நின்றது. அம்மா கூடையை இறக்காமல் அப்படியே நின்றார். அதுவும் நின்றது. பிறகு தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டே போய்விட்டது. அன்றிலிருந்து இவை ஏன் தோட்டத்துக்குள் வருகின்றன, இங்கே என்ன தின்கின்றன, எந்த வழியாகத் திரும்பிப் போகின்றன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மூன்று ஆண்டு விலங்கியல் படித்தும் பதில் கிடைக்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் நாங்கள் காட்டுக்குள் போனது ஒரே ஒரு நாள்.

பெயர் தெரியாத கல்லூரியில் முதுகலை படித்தால் பின்னால் ஆராய்ச்சிக்குப் போகும்போது கதவு அடைபடுமா? அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசகர்:

தங்கைக்கு, நான் பத்து ஆண்டுகள் ஒரு மருந்து நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவன். எட்டு இடங்களுக்கு நானூறு விண்ணப்பங்கள் வரும். எல்லாவற்றையும் படிக்க நேரம் இருக்காது. முதல் சலிப்பு கல்லூரிப் பெயரை வைத்துத்தான் நடக்கும். அது நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. நானே அப்படித் தள்ளி வைத்த விண்ணப்பங்களில் நல்ல பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்ற வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் உலகம் அப்படித்தான் நடக்கிறது.

இருபத்தொரு வயதில் மனம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், இருபத்தைந்தில் வேறொன்றைத் தேடும். பொது விலங்கியல் பட்டம் இருந்தால் ஆய்வகம், பள்ளி, மருந்துத் துறை என்று நாலு பக்கமும் திரும்பலாம். உங்கள் மாமா சொல்வதில் அன்பும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது.

மாயாற்றங்கரை:

நான் அங்கே அதே படிப்பைத்தான் படித்தேன், 2008இலிருந்து 2010 வரை. ஈரோட்டுப் பக்கத்துப் பெண். எனக்கும் ஒரு பெரிய கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தபோது அப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அதனால் உங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் ஊருக்கும் அந்தக் கல்லூரிக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. கன்னேரிமுக்கில் வீடு கட்டித் தங்கிய அன்றைய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன்தான் 1820களில் ஊட்டிக்குப் போய் முதல் கல் வீட்டைக் கட்டினார். ஊர் மக்கள் கல் பங்களா என்று அழைத்த அந்தக் கட்டடம் இந்தக் கல்லூரி வளாகத்துக்குள்தான் இருக்கிறது. கல்லூரி தொடங்கியது 1955இல். சென்னையில் இந்தப் பெயரைச் சொன்னால் "ஊட்டியில் கல்லூரி இருக்கிறதா?" என்று கேட்பார்கள். என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள்.

அங்கே எனக்குக் கிடைத்தது என்னவென்றால், காட்டில் கழித்த நேரம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குங்கள். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். மேலே சோலையும் புல்வெளியும், அங்கே வரையாடு வாழும் முக்குருத்தி. கீழே சீகூர் சமவெளியில் முட்காடு, யானை வழித்தடம், மாயாற்றுப் பள்ளத்தாக்கு. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இத்தனை வகைக் காடுகளைச் சென்னையில் படிக்கிற பிள்ளை பார்க்க வேண்டுமென்றால் ரயில் டிக்கெட் எடுத்து, விடுப்புச் சொல்லி, அறை பிடித்து வர வேண்டும். வருகிறார்கள், நான்கு நாள் இருந்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் மழைக்காலத்தில் பார்த்த அதே ஓடையை மார்ச் மாத வறட்சியிலும் போய்ப் பார்த்தோம். யானை எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

என் முதுகலை ஆய்வு, இறந்த விலங்குகளைத் தின்னும் பாறு கழுகுகளின் கூடுகள் பற்றியது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலி மருந்தால் நாடு முழுவதும் அவை பெருமளவு அழிந்துபோய், 2006இல் அந்த மருந்து கால்நடை மருத்துவத்தில் தடை செய்யப்பட்டது. மிஞ்சியவற்றில் ஒரு கூட்டம் இந்தப் பள்ளத்தாக்கில் ஓடையோர நீர்மத்தி மரங்களில் கூடு கட்டுகிறது. எந்தக் கூட்டில் பறவை இருக்கிறது, எது பழைய கூடு என்று பிரிப்பதற்குள் எனக்குக் கண் பூத்துவிட்டது. கூட்டின் விளிம்பில் பச்சை இலை தெரிகிறதா, அடியில் எச்சம் புதிய வெள்ளையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இருளர் இனத்து வேட்டைத் தடுப்புக் காவலர். காற்று முதுகில் அடித்தால் அங்கேயே நின்றுவிடு, நம் வாடை யானைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று சொன்னதும் அவர்தான். எனக்குப் பாடம் எடுத்தவர்களில் அவரையும் ஒருவராகவே எண்ணுகிறேன்.

ஒரு சிறிய விலகல், ஆனால் சொல்லத் தோன்றுகிறது. முத்தோரையில் மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970 முதல் இயங்குகிறது. ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்ந்த ஒரு சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே போதும், வானில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம். அந்த இயற்பியலாளர்கள் பெரிய நகரத்தைத் தேடவில்லை, சரிவைத் தேடி வந்தார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் எடுத்த முடிவு சரிதான் என்று எனக்குத் தைரியம் வரும்.

இனிக் கதவு பற்றி. ஒரு கதவு அடைபட்டது உண்மை. படிப்பு முடித்ததும் நான் அனுப்பிய முதல் விண்ணப்பத்தை ஒரு பெருநகர நிறுவனம் நேர்காணலுக்கே கூப்பிடாமல் திருப்பிவிட்டது. என்னைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த, பெயர் பெற்ற கல்லூரித் தோழியைக் கூப்பிட்டார்கள். அன்று இரவு அழுதேன். வேளச்சேரி நண்பர் சொல்வது பொய்யில்லை.

ஆனால் ஆராய்ச்சிக்கு வேறு வாசல் இருக்கிறது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் உங்கள் கல்லூரிப் பெயரைப் பார்த்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை. அந்தத் தேர்வின் வழியாக இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டால் இப்போது மாதம் 37,000 ரூபாய். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழிகாட்டியைத் தேடலாம். நான் மூன்றாவது முறைதான் தேறினேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: உயிர் அறிவியல் தாளில் மூலக்கூறு உயிரியல், உயிர்வேதியியல், நோய் எதிர்ப்பியல் எல்லாம் நிறைய வரும். வனவிலங்குப் படிப்பின் கவனம் வேறு பக்கம். சென்னையில் விலங்கியல் படித்தால் இவை வகுப்பிலேயே ஓரளவு கிடைத்துவிடும். ஊட்டிக்குப் போனால் முதல் பருவத்திலிருந்தே தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். நான் அதைச் செய்யாமல் இரண்டு ஆண்டுகளை இழந்தேன்.

முனைவர் பட்ட நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரிப் பெயரை ஒருவர் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். பிறகு நாற்பது நிமிடமும் கூடுகளைப் பற்றித்தான் கேள்வி. வெறுங்கூட்டை எப்படிக் கண்டுபிடித்தாய் என்றார்கள். பச்சை இலையையும் எச்சத்தையும் சொன்னேன்.

இன்னொரு எச்சரிக்கை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பின்னாளில் அரசுப் பள்ளி ஆசிரியராகவோ கல்லூரி ஆசிரியராகவோ போக எண்ணினால், அறிவிப்பில் "விலங்கியல்" என்றுதான் இருக்கும். உங்கள் பட்டத்தின் பெயர் வேறு. விலங்கியலுக்கு இணையானது என்ற அரசாணை எந்தப் பதவிக்குப் பொருந்தும் என்று சேருவதற்கு முன்பே துறையில் கேட்டு, நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடந்த மூன்று ஆண்டு மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பருவத்தில் எத்தனை நாள் காட்டுக்குப் போகிறார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள், அதே கேள்வியை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் சேருங்கள். காட்டெருமை பற்றிய உங்கள் கேள்வி நல்ல ஆய்வுக் கேள்வி. அதற்கான களம் உங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்தே தொடங்குகிறது.

பண்ணைக்காட்டு விவசாயி:

பழனி மலையில் காப்பியும் மலைவாழையும் போடுகிறவன். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைப் பெயர் பார்த்துப் பெருநகரத்தில் சேர்த்தேன். இளையவள் கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தாள். 1984இலிருந்து இருக்கிற அரசுப் பல்கலைக்கழகம். மலைக்குக் கீழே இறங்கினால் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்று இருவரும் வேலையில் இருக்கிறார்கள், சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மூத்தவள் படிப்புக்கு வாங்கிய கடனை மட்டும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இளையவள் பக்கத்திலேயே படித்தாள் என்பதால் ஒவ்வொன்றுக்கும் அவளைக் கூப்பிட்டேன். காப்பிப் பழம் பறிக்க ஆள் இல்லையா, வா. அத்தை வீட்டு விசேஷமா, வா. பாட்டிக்கு மருத்துவமனையா, வா. மூத்தவளை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, தூரம் என்று விட்டுவிட்டோம். ஒரு டிசம்பரில் இளையவள் பழம் பறித்துவிட்டு இரவு விளக்கடியில் தேர்வுக்குப் படித்ததைப் பார்த்தேன். அந்தத் தேர்வில் ஒரு தாளில் தவறிவிட்டாள். அது என்னால் வந்தது.

அம்மா, உன் வீட்டிலும் தேயிலை இருக்கிறது. ஊட்டி முப்பது கிலோமீட்டர்தான் என்று தினமும் பஸ்ஸில் போய்வராதே. விடுதியில் தங்கு. வீட்டில் முன்கூட்டியே பேசிவிடு.

கன்னேரிமுக்கு மாணவி:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. வேளச்சேரி அண்ணா எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். தன் பக்கம் பேச ஒருவர் இருக்கிறார் என்று மகிழ்ந்தார். அக்கா எழுதியதையும் முழுதாகப் படித்துக் காட்டினேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அம்மாவும் நானும் கட்டபெட்டு வழியாக ஊட்டிக்குப் போனோம். அக்கா சொன்ன கேள்விகளை ஆசிரியரிடமும், நூலகத்தில் பார்த்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரிடமும் கேட்டேன். பதில்கள் ஒத்துப்போயின. அரசாணை பற்றியும் கேட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

ஏன் இந்தப் படிப்பு என்று ஆசிரியர் கேட்டார். காட்டெருமை பற்றிச் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "தேயிலையைத் தின்கிறதா?" என்று கேட்டார். அம்மா முதலில் கூச்சப்பட்டார். பிறகு, தேயிலையைத் தொடுவதில்லை, செடி வரிசைக்கு நடுவே வடிகாலில் முளைக்கும் புல்லைத்தான் மேயும், களைக்கொல்லி அடித்த தோட்டத்துக்கு வராது, எங்கள் தோட்டத்தில் கையால் களை எடுப்பதால் வருகிறது என்றார். எந்த மாதம் கன்றோடு வரும், எந்த ஓடை வழியாகத் திரும்பும் என்பதையும் சொன்னார். இத்தனையும் அம்மாவுக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது. நான் இதுவரை அவரிடம் கேட்டதில்லை. ஆசிரியர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் பேசியிருப்பார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, "விடுதிக்கு எப்போது பணம் கட்ட வேண்டும்?" என்று கேட்டார். விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன்.