என்னை நானே வாழ்த்த வரவில்லை: மெத்தா தியானம் செய்பவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாகக் காலையில் 15 நிமிடம் மெத்தா தியானம், அதாவது தனக்கும் பிறருக்கும் நலம் வாழ்த்தும் பௌத்த தியானம், செய்து பார்க்கிறேன். சின்னத் தவறு நடந்தாலும் நாள் முழுக்க என்னையே திட்டிக்கொள்கிற ஆள் நான். அது கொஞ்சம் குறையுமே என்றுதான் தொடங்கினேன்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் பௌத்தத் துறவி புத்தகோசர் இலங்கையில் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல் சொல்லும் வரிசையில் போகிறேன். முதலில் தனக்கு, பிறகு மதிப்புக்குரிய ஒருவருக்கு, நெருங்கிய நண்பருக்கு, விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவருக்கு, கடைசியில் பகையாளிக்கு. எனக்கோ முதல் படியிலேயே சறுக்குகிறது. 'நான் நலமாக இருப்பேனாக' என்றதும், 'உனக்கு எதுக்கு?' என்று உள்ளே ஒரு குரல். போன வாரம் தொண்டை அடைத்து அழுகையே வந்துவிட்டது. பால்காரரை வாழ்த்தும்போது மட்டும் ஒரு தடங்கலும் இல்லை!

சரி, பாட்டியை நினைத்துத் தொடங்கலாம் என்று பார்த்தால், இறந்தவரை வைத்து மெத்தா செய்யக் கூடாது என்கிறது அதே நூல். பாட்டி போய் ஆறு வருடம் ஆகிறது. யாராவது குழந்தையையோ வீட்டுப் பூனையையோ நினைத்துத் தொடங்கி, அப்புறம் தன்னிடம் வந்திருக்கிறீர்களா? அழுகை வந்தால் தொடர்வீர்களா, நிறுத்திவிட்டு மூச்சைக் கவனிப்பீர்களா?

இன்னொன்று, 'இருப்பேனாக' என்பது எனக்கு மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. பாட்டி சொல்வதுபோல 'நல்லா இரு தாயி' என்று எனக்கே சொல்லிக்கொள்ளலாமா? நீங்கள் தமிழில் என்ன சொற்களில் சொல்கிறீர்கள் என்று எழுதுங்களேன்.