மஸ்ட் (must) போடவா, ஷுட் (should) போடவா? இன்று மாலைக்குள் தெரிய வேண்டும்

கேட்டவர்: ஒயிட்ஃபீல்டு வாசி
வணக்கம். பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இன்ஸ்டலேஷன் கையேடு எழுதும் வேலைக்கு மாறியிருக்கிறேன். படித்ததெல்லாம் தமிழ் வழி. இந்த மூன்று வரிகளை ஆங்கிலத்தில் எழுதுவதில் நிற்கிறேன்:

"நிறுவும் முன் பேக்கப் எடுக்க வேண்டும்."
"நிறுவிய பின் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்."
"பழைய லாக் ஃபைல்களை அழிக்க வேண்டியதில்லை."

முதல் இரண்டுக்கும் மஸ்ட் போட்டிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒன்றையாவது ஷுட் ஆக்கச் சொல்கிறார். காரணம் கேட்டால் "அப்படித்தான் எழுதுவார்கள்" என்கிறார். மூன்றாவதற்கு மஸ்ட் நாட் சரியா?

பதில்: அல்சூர்க்காரர்
முதலில் மூன்றாவது வரி, அதுதான் ஆபத்து. மஸ்ட் நாட் என்றால் "அழிக்கக் கூடாது" என்று தடையாகிவிடும். அழிப்பதும் விடுவதும் கையேட்டைப் படிப்பவர் விருப்பம் என்றால் டோன்ட் ஹேவ் டு அல்லது நீட் நாட்.

மற்ற இரண்டுக்கும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரீஸ்டார்ட் செய்யாமல் புது வெர்ஷன் ஓடாது என்றால் மஸ்ட். பேக்கப் இல்லாமலும் நிறுவல் முடிந்துவிடும், ஆனால் எடுத்துவைப்பது நல்லது. அதற்கு ஷுட்.

இணையத் தரநிலைகளை எழுதுபவர்கள் இதற்கென்றே 1997இல் ஆர்எஃப்சி 2119 என்று ஓர் ஆவணம் போட்டார்கள். அதன்படி மஸ்ட் என்றால் கட்டாயம். ஷுட் என்றால், தக்க காரணம் இருந்தால் விடலாம், ஆனால் விளைவை முழுக்கப் புரிந்துகொண்டு எடைபோட்ட பிறகுதான். முழுதும் பெரிய எழுத்தில் இருந்தால்தான் இந்தப் பொருள் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. ஐஎஸ்ஓ ஆவணங்களில் கட்டாயத்துக்கு ஷால் வரும். உங்கள் கம்பெனிக்கென்று ஸ்டைல் கைடு (எழுத்து நடை விதிகள்) இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

பதில்: ஜெயநகர் டீச்சர்
பேக்கப் விஷயத்தில் சார் சொன்னதை அப்படியே ஏற்க மாட்டேன். நிறுவும்போது டேட்டாபேஸ் மாறுமா, மாறினால் பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா? உங்கள் டெவலப்பரிடம் கேளுங்கள். இலக்கணப் புத்தகம் இதைச் சொல்லாது.

இன்னொன்று. கையேட்டில் மஸ்ட் பொருந்தும், கஸ்டமருக்கு எழுதும் மெயிலில் அதிகாரமாக ஒலிக்கும். அங்கே "யூ வில் நீட் டு" போதும். ஹேட் பெட்டர் வேண்டவே வேண்டாம், அதில் எச்சரிக்கைத் தொனி உண்டு.

ஒயிட்ஃபீல்டு வாசி
கேட்டேன் டீச்சர். டேபிள் அமைப்பே மாறுகிறதாம், பேக்கப் இல்லாவிட்டால் திரும்ப வழியே இல்லையாம். மெயில் என்றதும் ஒரு சந்தேகம். "வீ ஷுட் ஹேவ் டேக்கன் த பேக்கப்" என்று ஒரு மெயில் டிராஃப்ட் வந்திருக்கிறது. பேக்கப் எடுத்தாயிற்றா, இல்லையா?

ஜெயநகர் டீச்சர்
"எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை" என்றுதான் கஸ்டமர் படிப்பார். எடுத்திருப்பார்கள் என்ற ஊகம் என்றால் மஸ்ட் ஹேவ். உறுதியாக எடுத்தாயிற்று என்றால் "வீ டுக் த பேக்கப்". எது உண்மை என்று எழுதியவரிடம் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

அல்சூர்க்காரர்
திரும்ப வழி இல்லை என்றால் டீச்சர் சொல்வதுதான் சரி. பேக்கப்புக்கும் மஸ்ட். காரணத்தையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.