வேலியோரத்துச் செடி ஆவாரைதானா, சொல்லுங்க

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் எங்க கொறங்காட்டு (ஆடு மாடு மேயற நிலம்) வேலியோரம் இடுப்பளவு செடி ஒண்ணு மஞ்சளாப் பூத்து நிக்குது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட பூளைப்பூ, வேப்பிலையோட இதையும் ஆவாரம்பூன்னு பறிச்சுட்டு வந்தேன். அமுச்சி (அம்மாவோட அம்மா) ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்துட்டு, "இது ஆவாரை இல்ல கண்ணு"ன்னு தள்ளி வெச்சுட்டாங்க. பேரு அவங்களுக்கு நெனப்பு வரலை.

அப்புறம் உத்துப் பார்த்தேன். ஆவாரைக்கு ஒரு ஈர்க்குல 8, 10 ஜோடி இலை, நுனி மழுங்கலா இருக்கும். காம்படியில காது மடல் மாதிரி ஒரு செதிள். காய் காகிதம் கணக்கா தட்டை. இதுல 4, 5 ஜோடிதான், நுனி கூரு, அந்தக் காது இல்லை. காய் ஒல்லியா லேசா மேல வளைஞ்சிருக்கு. கசக்கினா ஒரு கெட்ட வாடை.

பேயாவரைங்கறது இதுதானுங்களா? அதோட விதை விஷம், உத்தரப் பிரதேசத்துல அதைத் தின்ன சின்னப் பிள்ளைங்க மூளை பாதிச்சு இறந்திருக்காங்க. அப்பாவுக்குச் சக்கரை, காஞ்ச ஆவாரம்பூவைக் கொதிக்க வெச்சு தினமும் குடிக்கறாரு. அந்த டப்பாவுல இதுவும் கலந்திருக்குமோன்னு மனசு அடிச்சுக்குது, இன்னைக்கு நிறுத்திட்டேன்.

காஞ்ச பூவுல ரெண்டையும் எப்படிப் பிரிக்கறது? இந்தச் செடியை நம்ம பெரியவங்க எதுக்குக் கை வைத்தியம் பண்ணினாங்க, மேல பூசவா, உள்ளுக்கா? வைத்தியம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.