டென்மார்க், ஸ்வீடன், நார்வே: மூன்று நாட்டுக்கும் எவ்வளவு ரொக்கம் மாற்றுவது?

நீலக்குயில்:
வணக்கம். ஜூன் மாதம் அம்மாவும் நானும் பன்னிரண்டு நாள் பயணம் போகிறோம். முதலில் கோபன்ஹேகன், அங்கிருந்து ரயிலில் ஸ்டாக்ஹோம், கடைசியில் ஆஸ்லோவும் பெர்கனும். அங்கெல்லாம் கார்டுதான், ரொக்கமே தேவைப்படாது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அம்மா கேட்பதாக இல்லை. "கையில் காசு இல்லாமல் தெரியாத ஊரில் எப்படி நிற்பது?" என்கிறார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மூன்று நாட்டுக்கும் மூன்று பணம் வேறு. எதற்கு எவ்வளவு மாற்றுவது?

இன்னொன்று. மாமா 2011இல் ஸ்வீடன் போய்வந்தபோது மீந்த 500 குரோனா நோட்டு நான்கு கொடுத்திருக்கிறார். அப்படியே செலவு செய்யலாம்தானே?

வழிப்போக்கன்:
போன ஆகஸ்ட்டில் ஸ்டாக்ஹோமில் ஐந்து நாள் இருந்தேன். ஒரு நோட்டைக்கூடத் தொடவில்லை. மெட்ரோ வாசலில் கார்டைக் காட்டினால் கதவு திறக்கிறது. பேருந்திலும் அப்படியே, ஓட்டுநரிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்க முடியாது. ஆளுக்கு ஒரு கார்டு வைத்திருந்தோம், அதுதான் வசதியாக இருந்தது. ரூபேயை நம்பிப் போகாதீர்கள், விசாவோ மாஸ்டர்கார்டோ வேண்டும். கிளம்பும் முன் வங்கியின் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை 'ஆன்' செய்துவிடுங்கள். கார்டை இயந்திரத்தில் தட்டிக் கட்டும் வசதிக்கு அதே இடத்தில் தனி பொத்தான் இருக்கும், அதையும் பாருங்கள்.

பெர்கன்மழை:
நான் பெர்கனில் 23 வருடமாக இருக்கிறேன். முதலில் மாமாவின் நோட்டு. அதைக் கொண்டுவர வேண்டாம் தங்கச்சி. சுவீடன் 2015இல் தொடங்கி நோட்டுகளைப் புதிதாக்கியது. பழைய 500உம் 100உம் 2017 ஜூன் 30உடன் செல்லாமல் போய்விட்டன. பழைய 500இல் பதினோராம் கார்ல் மன்னர் இருப்பார், இப்போதையதில் பாடகி பிர்கித் நில்சன். காசு மாற்றும் கடையில் நோட்டு வாங்கினாலும் முகத்தைப் பார்த்து வாங்குங்கள். டென்மார்க்கின் 1000 குரோனர் நோட்டும் 2025 மே 31க்குப் பிறகு செல்லாது. நோர்வேயின் புது நோட்டுகளில் மனித முகமே கிடையாது, கப்பல், மீன், அலை என்று கடல்தான். யாராவது முகம் போட்ட நோர்வே நோட்டைத் தந்தால் வாங்காதீர்கள்.

சட்டமும் மூன்று நாட்டிலும் ஒன்றல்ல. சுவீடனில் ரொக்கம் வேண்டாம் என்று கடைக்காரர் வாசலில் ஒட்டிவிட்டால் பொதுவாக அவ்வளவுதான். 'கொன்டான்ட்ஃப்ரிட்' என்று எழுதியிருக்கும். டென்மார்க்கில் ஆள் நிற்கிற கடைகள் பகலில் பொதுவாக ரொக்கத்தை வாங்கித்தான் ஆகவேண்டும். நோர்வேயில் ரொக்கமாகக் கட்டும் உரிமையை 2024 அக்டோபர் 1 முதல் இன்னும் உறுதியாக்கியிருக்கிறார்கள். ஆளில்லாத கடைக்கும் தானியங்கி இயந்திரத்துக்கும் விலக்கு உண்டு.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் என் அம்மாவை ஸ்டாக்ஹோமுக்குக் கூட்டிப்போனேன். நான் பெட்டிகளை வைத்துவிட்டு வரப் போன பத்து நிமிடத்தில் அவர் தனியாகக் கோப்பி வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், நாலாய் மடித்த 200 குரோனா நோட்டைக் கையில் பொத்திக்கொண்டு கவுண்டருக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறார். அங்கே நின்ற பிள்ளை மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறாள், ரொக்கம் எடுப்பதில்லை என்று. ஆனால் பின்னால் வரிசை, எல்லோரும் பார்க்கிறார்கள். நாற்பது வருடம் தன் கைக்காசில் வீடு நடத்தின மனுசி. அன்று முழுக்க அவர் சரியாகக் கதைக்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

அதனால் உங்கள் அம்மாவுக்கு அவர் பெயரிலேயே ஒரு கார்டு எடுத்துக் கொடுங்கள். பின் எண்ணை ஊரிலேயே ஏடிஎம்மில் அவர் கையால் நாலைந்து தரம் அடித்துப் பழகட்டும். நோர்வேயில் 500 குரோனருக்கு மேல் போனால் தட்டினால் மட்டும் போதாது, பின் எண்ணைக் கேட்கும். கையெழுத்துப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நம்பி வராதீர்கள். கடன் அட்டைக்கான பின் எண்ணை வாங்காமலே வந்து மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டவா, குரோனரிலா" என்று கேட்டால் எப்போதும் குரோனர்தான். மற்றதில் மாற்று விகிதம் உங்களுக்கு நட்டம்.

சரி, ரொக்கம் எதற்கு? என் அக்கா குடும்பம் ஒரு ஜூலையில் வந்து ஹர்டாங்கர் பக்கம் தாங்களாகவே கார் ஓட்டிப் போனார்கள். வழியில் ஒரு மரக்கொட்டில். பெட்டி பெட்டியாகச் செர்ரிப் பழம், ஆள் இல்லை. துளை போட்ட இரும்புப் பெட்டி ஒன்று, பக்கத்தில் அட்டையில் பேனாவால் எழுதிய விப்ஸ் எண். விப்ஸ் இங்குள்ளவர்களின் கைப்பேசிப் பணம், இங்கத்தைய வங்கிக் கணக்கு இல்லாமல் வேலைக்காகாது. சுவீடனில் ஸ்விஷும் அப்படித்தான். அக்காவிடம் மூன்று கார்டு இருந்தது, ஒரு நோட்டு இல்லை. கையில் எடுத்த பழத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் காரில் ஏற்றியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த பழக்கம் அந்தப் பெட்டி. யாரும் பார்க்காத இடத்தில் காசைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது கிடைக்காமல் போனது எனக்கு வருத்தம்தான்.

என் கணக்கு: நோர்வேக்கு 500 குரோனர், 50உம் 100உமாக. டென்மார்க்குக்கு 200. சுவீடனுக்கு ஒன்றும் வேண்டாம்.

நீலக்குயில்:
நோட்டை எடுத்துப் பார்த்தேன் ஐயா, மன்னர்தான் இருக்கிறார். நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கோப்பி விஷயம் வந்ததும் "அந்தம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்" என்றார். நேற்று வங்கிக்குப் போய் அவர் பெயரில் கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். கார்டு தொலைந்தால் என்ன செய்வது? அதுதான் இப்போது அவர் கேள்வி.

பெர்கன்மழை:
நல்ல கேள்வி. ஆளுக்கு இரண்டு கார்டு, முடிந்தால் வேறு வேறு வங்கியில். ஒன்று கைப்பையில், மற்றது பெட்டியில். வங்கியின் அவசர எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதி வையுங்கள். அப்புறம், மிஞ்சிய சில்லறையைக் காசு மாற்றும் கடைகளில் பொதுவாக எடுக்க மாட்டார்கள். டென்மார்க்கிலும் நோர்வேயிலும் நடுவில் ஓட்டை போட்ட நாணயங்கள் உண்டு, ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தந்த நாட்டை விட்டுக் கிளம்பும் நாளில் செலவழித்துவிடுங்கள்.